பச்சோந்தியின் தாகம்

வாணியம்பாடிக்குத் தெற்கே, ஏலகிரி மலையின் அடிவாரத்தில், ஆவாரஞ்செடியும் வேலமரமும் பின்னி வளர்ந்திருந்த ஒரு வேலியைச் சாலையை அகலப்படுத்தும் பொருட்டு வெட்டித் தள்ளிய ஒரு பங்குனி மாதத்தில், அவ்வேலியிலிருந்து விழுந்து பின்னங்காலில் காயம் பட்டிருந்த பச்சோந்தி ஒன்றை, அது பற்றியிருந்த கிளையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், நீங்கதான் இதுக்கு ஏதாச்சும் பண்ணணும்" என்று சொல்லி என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார் அடுத்த தெருக்காரர் ஒருவர். வனத்துறையினருக்கு அன்றே செய்தி சொல்லிவிட்டேன். ஊர்த் திருவிழாவும் விடுமுறையும் சேர்ந்து வந்த சமயமாதலால், அப்பிராணி நான்கு நாட்கள் என் பொறுப்பில் இருக்கும்படி நேர்ந்தது. வெப்பம் தாளாமல் நாய்கள்கூட நிழலைவிட்டு நகராத அந்தப் பங்குனியில், அதற்கு முதன்முதல் வேண்டியது ஜலம் என்பதை அறிய ஒருவன் விலங்கு நூல் கற்றிருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு பீங்கான் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் கிளைக்கு நேர் கீழே வைத்தேன்.

இரண்டு நாட்கள் அத்தட்டு வைத்தபடியே இருந்தது. ஓர் எறும்பு விழுந்து மிதந்தது; தூசி படிந்தது; நான் மூன்று தடவை தண்ணீரை மாற்றினேன். பச்சோந்தியோ, ஒரு கண்ணை என்மீதும் மற்றொரு கண்ணை ஆகாயத்தின்மீதும் வைத்துக்கொண்டு, தனக்கும் அந்தத் தட்டுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதுபோல் அசையாதிருந்தது. தலையைப் பிடித்துத் தண்ணீரில் தொட்டுக் காட்டினேன். அது சீறிக் கறுத்துத் தொண்டையை உப்பிக்கொண்டதேயன்றி ஒரு மிடறும் அருந்தவில்லை. இரண்டாம் நாள் மாலையில் அதன் உருண்ட கண்கள் சற்றே குழிந்திருப்பதைக் கண்டபோது எனக்குண்டான கலக்கத்தை இன்றும் மறக்க இயலவில்லை. அந்தக் கலக்கமே, பச்சோந்தி எவ்வாறு நீர் அருந்துகிறது, ஏன் அருந்த மறுக்கிறது, மறுக்கும் ஒன்றை அருந்தச் செய்வது எங்ஙனம் என்னும் கேள்விகளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தும் கேட்டும் ஆராயும்படி என்னைத் தூண்டியது.

இக்கேள்வி புதியதன்று. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமாபுரி அறிஞர் பிளினி, தமது இயற்கை வரலாற்றின் 8ஆம் புத்தகத்தில், உண்ணாமலும் பருகாமலும் காற்றை மட்டுமே உட்கொண்டு ஜீவிக்கும் ஒரே பிராணி பச்சோந்திதான் என்று எழுதி வைத்தார். அந்த அபிப்பிராயம் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் நிலைத்திருந்தது; நலம் விசாரித்த மன்னனுக்கு, பச்சோந்தியின் உணவாகிய காற்றைத் தின்று நலமாயிருப்பதாக நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட் விடை கூறுவது அதன் எதிரொலியே. 1646ஆம் ஆண்டில் தாமஸ் பிரௌன் என்னும் ஆங்கில மருத்துவர், உலகில் வழங்கும் தவறான நம்பிக்கைகளை ஆராய்ந்து தாம் வெளியிட்ட நூலில், வயிறும் குடலும் நெடிய நாவும் படைத்த ஒரு பிராணி காற்றைத் தின்று உயிர்வாழ்வது எப்படி என்று வினவி, அது பூச்சிகளை உண்பதை எடுத்துக் காட்டினார். உணவைப் பற்றிய மயக்கம் அவ்வாறு தீர்ந்தது. ஆனால் பருகாத பிராணி என்ற பெயர் மட்டும் எளிதில் நீங்கவில்லை. நீங்காமைக்குக் காரணம் உண்டு. கூண்டில் அடைத்துக் கிண்ணத்தில் நீர் வைத்துக் காத்திருந்தவர்கள் அனைவரும், நான் கண்டதையே கண்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் இப்பிராணியின் கதைகள் ஜலத்தையே சுற்றி வருவது என் மனத்தைக் கவர்ந்தது. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், வனத்தில் விளையாடித் தாகமுற்ற யாதவச் சிறுவர்கள் தண்ணீர் தேடி அலைந்து, ஒரு பாழுங்கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். அதில் தண்ணீர் இல்லை, மலைபோன்ற கிருகலாசம் ஒன்று கிடக்கிறது. ஒருவருக்குத் தானம் செய்த பசுவையே அறியாமல் மற்றொருவருக்கும் தானம் செய்துவிட்ட நிருக மகாராஜன் அப்பிழையின் பயனாக அவ்வுருவம் பெற்றுக் கிடந்தான் என்பதும், கண்ணபிரான் இடது கையால் தூக்கிவிட அவன் விமோசனம் பெற்றான் என்பதும் பலர் அறிந்தவை. கிருகலாசம் என்ற சொல்லுக்கு ஓந்தி என்றும் பச்சோந்தி என்றும் பொருள் கூறுவர். பருகத் தெரியாது என்று உலகம் சொல்லும் பிராணியை, நீரற்ற கிணற்றின் அடியில் புராணக் கவி கொண்டுபோய் வைத்திருப்பதைப் படிக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பாட்டிமார் சொல்லும் கதையோ இரக்கமற்றது. தாகத்தால் வாடிய இராமபிரான் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததென்றும், ஓணான் தன் சிறுநீரைக் கொடுத்ததென்றும் சொல்லி, அதனால் ஓணானைக் கண்டால் கல்லெறிவது தகும் என்று முடிப்பார்கள். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் வேற்றுமை அறியாத சிறுவர்களின் கல், இரண்டின்மீதும் ஒன்றுபோலவே விழுந்தது. இவ்வளவு அழகிய ஒரு ஜீவன் நம் ஊர்ப்புறங்களில் கல்லடி பட்டுச் சாவதற்கு ஒரு தாகக் கதை காரணமாயிற்றே என்று நான் வருந்தியதுண்டு.

வேற்றுமை மிகத் தெளிவானது. ஓணான் ஓடும், பச்சோந்தி, காற்றில் ஆடும் இலைபோல் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து அடியெடுத்து வைக்கும். அதன் விரல்கள் இடுக்கிபோல் இரு கூறாகப் பிரிந்து கிளையைப் பற்றும். வால் சுருண்டு ஐந்தாவது கைபோல் உதவும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே. 1768ஆம் ஆண்டில் லாரென்டி என்பவர் இலங்கையின் பெயரைச் சேர்த்து அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். இலங்கையின் வறண்ட கடலோரப் பகுதிகளிலும், நம் தென்னாட்டுப் புதர்க்காடுகளிலும், வடக்கே கங்கைச் சமவெளியின் தென்புறம் வரையிலும் அது காணப்படுகிறது. குறுந்தொகையின் 140ஆம் பாட்டில், ரம்பம்போன்ற முதுகை உடைய முதிர்ந்த ஓந்தி ஒன்று பாலை வழியில் இருக்க, வழிப்போக்கர் அதைக் கொண்டு நிமித்தம் பார்க்கிறார்கள். அது ஓணானா பச்சோந்தியா என்று உரையாசிரியர்கள் வாதிடலாம். நீரில்லாத பாலைக்கு உரிய பிராணியாகச் சங்கப் புலவர் அதைக் கண்டார் என்பதே நமக்கு இங்கு வேண்டுவது.

நீரில்லாத நிலத்துப் பிராணிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி இருக்கிறது. வேலூர்ப் பகுதியில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்யினும், அது ஆடி முதல் கார்த்திகை வரையிலான மாதங்களில் பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடுகிறது. மரத்திலேயே வாழும் பச்சோந்தி, குட்டையையோ ஏரியையோ தேடி மண்ணில் இறங்கி நடந்தால், அதன் மெல்லிய நடைக்குக் கீரியும் காக்கையும் நாயும் காத்திருக்கும். ஆகவே இயற்கை அதற்கு விதித்த பாத்திரம் இலையே. மழை பெய்தால் இலைமீது வழியும் நீரையும், மழையில்லாத மாதங்களில் பின்னிரவில் இறங்கி இலை நுனியில் திரளும் பனித்துளியையும் அது நக்கிக் குடிக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஜவ்வாது மலைச்சாரலில் விடியற்காலையில் நடந்தவர்கள், மழையே பெய்யாதிருந்தும் வேட்டியின் கரை முழங்கால் வரை நனைந்துபோவதை அறிவார்கள். ஒரு பச்சோந்திக்கு அந்த ஈரம் ஏரிக்குச் சமானம்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை, என் பீங்கான் தட்டு செய்த குற்றத்தை எனக்கு விளக்கிற்று. பச்சோந்தி பிடிவாதத்தினால் தண்ணீரை மறுப்பதில்லை. தேங்கி நிற்கும் நீர் அதற்குத் தண்ணீராகவே தோன்றுவதில்லை. அதன் கண் அறிந்த நீர் அசைவது, உருண்டு வழிவது, வெளிச்சம் பட்டு மின்னுவது. கூண்டுகளில் பழகிய சில பச்சோந்திகள் கிண்ணத்தில் குடிக்கக் கற்றுக்கொள்கின்றன என்பது மெய்யே. ஆனால் அதை நம்பி ஒரு பிராணியின் உயிரைப் பணயம் வைக்கலாகாது. பெரும்பாலானவை கிண்ணம் நிறைய நீர் இருக்கவே வற்றிச் சாகும்.

இரண்டாவது காரணம் அச்சம். பச்சோந்தியின் தற்காப்பு முழுவதும் மறைந்திருப்பதிலும் அசையாதிருப்பதிலும் அடங்கியது. நீர் அருந்தும்போது அது வாயைத் திறக்க வேண்டும், தலையை உயர்த்தித் தாழ்த்த வேண்டும், நாவை நீட்ட வேண்டும். தன் மறைவைத் தானே கலைக்க வேண்டும். உற்று நோக்கும் பெரிய கண்கள் எதிரே இருக்கையில் அது அவ்வாறு செய்யத் துணியாது. அது குடிக்கிறதா என்று பார்ப்பதற்காக முகத்தை அருகே கொண்டுபோய்க் காத்திருக்கும் அன்பரே, அது குடியாமைக்கு முதற்காரணமாகிறார்.

நீர் குறைந்தால் அதன் தேகத்தில் நிகழ்வது என்ன என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். பறவைகளைப்போலவே இதுவும் கழிவை யூரிக் அமிலமாக, ஈரம் மிகக் குறைந்த வெண்ணிறப் பசையாக வெளியேற்றுகிறது. ஜலத்தைச் சிக்கனமாகச் செலவிடும் இவ்வேற்பாட்டினால்தான் வறண்ட காட்டில் அது பிழைக்கிறது. அந்தப் பசை வெண்மையாக இருக்கும்வரை கவலை வேண்டியதில்லை. மஞ்சளாகி, பின்னர் ஆரஞ்சு நிறமாகி மணல்போல் இறுகினால், தேகம் வற்றுகிறது என்று பொருள். கண் குழிதல், வாயைத் திறந்தால் எச்சில் நூல்போல் இழுபடுதல், தோல் தொய்ந்து மடிதல், பூச்சியைக் கண்டும் நாவை எய்யாதிருத்தல் ஆகியவை அதற்கு அடுத்த படிகள். நெடுநாள் நீர்க்குறைவினால் சிறுநீரகம் பழுதாகி, மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் அமிலம் படிந்து வாதநோய் உண்டாகிறது. வளர்க்கப்படும் பச்சோந்திகளில் அநேகம் இவ்வழியே மாள்கின்றன. முட்டை சுமக்கும் பெண்ணுக்குத் தேவை இன்னும் அதிகம்.

இனி உபாயங்களுக்கு வருவோம். முதலாவது, எங்கும் வழங்குவது, தெளிப்பு. பூச்செடிக்கும் சலூனிலும் பயன்படுத்தும் சாதாரணக் கை ஸ்பிரேயர் போதும். ஆனால் பெரும்பாலோர் இதில் செய்யும் தவறு ஒன்று உண்டு: நான்கு தடவை அழுத்திவிட்டு, பச்சோந்தி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, இதற்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். முதல் தூறல் விழும்போது கண்ணை மூடுவதும், அக்கண்ணை இமைக்குள்ளேயே உருட்டிக் கழுவுவதும் அதன் சுபாவம். தூறல் தொடர்கிறது என்று உறுதிப்பட்ட பின்னரே, இரண்டு மூன்று நிமிஷங்கள் கழித்தோ அதற்கும் மேல் கழித்தோ, மெல்லத் தாடை அசையத் தொடங்கும். ஆகையால் தெளிப்பது ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமலும், பிராணியின் முகத்தில் படாமல் இலைகளின்மீது விழும்படியாகவும், மழைத்தூறலைப்போல் நுண்ணியதாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் அதைத் திடுக்கிடச் செய்யும். கைக்கு இதமான வெதுவெதுப்புள்ள நீரை அது விரும்புகிறது. காலையில், வெயில் ஏறுமுன் தெளிப்பதே சிறந்தது. மாலையில் ஒருமுறை தெளிக்கலாம். நடுப்பகல் வெப்பத்தில் காற்றோட்டமில்லாக் கூண்டை நனைத்து வேகவைப்பது மூச்சுறுப்பு நோயை அழைப்பதாகும்.

இரண்டாவது உபாயம் சொட்டுநீர். இதைப் பற்றி எழுதும்போது என்னையறியாமல் ஓர் உற்சாகம் உண்டாகிறது; ஏனெனில் இதற்கு வேண்டிய சாதனம் உலகில் எங்கு அரிதாயினும் வேலூரில் அரிதன்று. பெரிய மருத்துவமனையை ஒட்டித் தெருத்தெருவாக மருந்துக்கடைகள் நிறைந்த அவ்வூரில், நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றப் பயன்படும் டியூப் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும். சாதாரண டியூபில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். உருளைத் திருகைச் சரிசெய்து, இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு விழும்படி வைத்தால், மணிக்கு 90 மில்லிலிட்டர் செல்லும். அரை லிட்டர் புட்டி ஐந்தரை மணி நேரம் வரும். சொட்டு ஓர் அகன்ற இலையின் நடுவில் விழுந்து, நரம்பு வழியே ஓடி, நுனியில் திரண்டு தொங்கி, அடுத்த இலைமேல் விழ வேண்டும். கீழே ஒரு வாளி இருக்க வேண்டும். செம்பருத்தி இதற்கு உகந்த செடி. எருக்கும் அரளியும் கூண்டருகேகூட இருத்தலாகாது. அவற்றின் பால் நஞ்சு.

சிவாலயங்களில் அக்னி நட்சத்திர காலத்தில், லிங்கத்துக்கு மேலே துளையுள்ள தாராபாத்திரத்தைத் தொங்கவிட்டு, பகல் முழுதும் சொட்டுச் சொட்டாகத் திருமேனியைக் குளிர்விக்கும் வழக்கத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்தத் தாராபாத்திரமே பச்சோந்திக்கும் ஏற்ற பாத்திரம் என்று யாரேனும் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால், அந்த இரண்டு நாள் துன்பம் நேர்ந்திராது. சொட்டின் விசேஷம், அது மனிதனை அப்புறப்படுத்திவிடுகிறது என்பதே. தெளிப்பவர் கையில் ஸ்பிரேயரோடு எதிரே நிற்க வேண்டும். டியூபோ யாருமில்லாத அறையில் தானே வேலை செய்துகொண்டிருக்கும். அச்சமுள்ள பச்சோந்திக்கு இதைவிடச் சிறந்த உபாயத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியும் குடியாதவற்றுக்குக் குளியலறை மழை ஒன்று உண்டு. ஒரு தொட்டிச் செடியில் பிராணியை ஏற்றி, ஷவரின் தாரையைச் சுவரில் படவைத்து, தெறிக்கும் தூவல் மட்டும் செடியை நனைக்கும்படி அரை மணி நேரம் விடுவார்கள். ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வைப்பது பழகிய கைகளுக்கு மட்டும் உரியது; பச்சோந்தியின் மூச்சுத்துளை வாயின் அடித்தளத்திலேயே இருப்பதால், பலவந்தமாகப் பீய்ச்சிய நீர் நுரையீரலுக்குள் இறங்கி உயிரைக் கொல்லும். கண் குழிந்து சோர்ந்த பிராணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே கடமை.

உணவின் வழியாகவும் நீர் செல்கிறது. சுவர்க்கோழிகளின் தேகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு நீரே. அப்பூச்சிகளுக்கு முதல் நாள் பூசணியும் கீரையும் கொடுத்துப் பின்னர் பச்சோந்திக்கு விட்டால் அந்த ஈரமும் அதைச் சேரும். யேமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் முக்காட்டுப் பச்சோந்தி இலைகளையே கடித்துத் தின்கிறது. நமீபியப் பாலைவனத்துப் பச்சோந்தியோ, மிகையான உப்பை மூக்கின் வழியே வெளியேற்றித் தன் நீரைக் காத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிலமும் தன் பச்சோந்திக்குத் தனித்தனி வித்தை கற்பித்திருப்பதை இவை காட்டும்.

நாவைப் பற்றி ஒரு வார்த்தை. தேகத்தின் நீளத்தையும் மிஞ்சிப் பாயும் அந்த நாவின் நுனியில் சுரக்கும் கோழை, மனித எச்சிலைப்போல் சுமார் 400 மடங்கு குழம்பானது என்று பெல்ஜியம், பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2016இல் அளந்து வெளியிட்டார்கள். பூச்சியைப் பிடிக்க ஈட்டிபோல் செல்லும் அதே நாவு, நீர் அருந்தும்போது உதட்டுக்குச் சற்று வெளியே மாத்திரம் வந்து, இலையை மெல்லத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. குடிப்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரமும் அதனால் அதிகம்: கால் மணி, சில சமயம் அதற்கு மேலும்.

அண்மைக் காலத்தில் வளர்ப்போரிடையே ஒரு புதிய கருத்து வலுப்பெற்றுவருகிறது. காட்டில் பச்சோந்தி பகலில் குடிக்கும் நீரைவிட, இரவின் குளிர்ந்த ஈரக்காற்றில் இழக்காமல் காத்துக்கொள்ளும் நீரே முக்கியம் என்றும், ஆகவே பின்னிரவில் மூடுபனிபோன்ற ஈரத்தை உண்டாக்கிப் பகலில் கூண்டை உலரவிட வேண்டும் என்றும், பச்சோந்திகளை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் செக் நாட்டு அறிஞர் பெட்ர் நெச்சாஸ் போன்றோர் வற்புறுத்துகின்றனர். நம் மார்கழியையும் தையையும் அறிந்தவனாகிய எனக்கு இக்கருத்து மிகவும் பொருத்தமாகப் படுகிறது. எனினும், குளிராத இரவில் ஈரத்தை மட்டும் பெருக்குவது தீமையாகும் என்பதை மறத்தலாகாது. வேலூரின் வைகாசி இரவில் அது மலைச்சாரலாகாது, வியர்க்கும் அறையாகும்.

எந்த நீரைக் கொடுப்பது என்ற கேள்வி மற்ற ஊர்களில் சிறியதாக இருக்கலாம். பாலாற்றங்கரையில் அது சிறியதன்று. கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, அந்நாட்டில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடி, வாயலூரில் கடலை அடையும் அந்நதி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிப்பது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு வசனம் வழங்கிற்று. நீரின் நடுவே வீற்றிருப்பவர் என்று பெயர் கொண்ட ஜலகண்டேசுவரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குள் மீண்டும் எழுந்தருளியமையால் கடைசிக் குறை தீர்ந்தது, முதற்குறை தீரவில்லை. ஆயினும் மணலைத் தோண்டினால் ஊறும் இனிய ஊற்றுநீரைக் குடித்தே எங்கள் தலைமுறை வளர்ந்தது.

அந்த ஊற்றுநீர் கெட்டதைச் சொல்லத் தோல் தொழிலிலிருந்து தொடங்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களின் தோல் தொழில் முற்காலத்தில் ஆவாரம்பட்டையையும் ஜவ்வாது மலைக் கடுக்காயையும் நம்பியிருந்தது. எந்த ஆவாரஞ்செடியின் மஞ்சள் பூவுக்கு வரும் பூச்சியைப் பச்சோந்தி உண்டு வாழ்ந்ததோ, அதன் பட்டையே தோலையும் பதப்படுத்திற்று. பின்னர் அந்நிய மரப்பட்டைகள் வந்தன. அவற்றின்பின் குரோமியம் வந்தது. வேலை கொடுத்து லட்சக்கணக்கான குடும்பங்களைத் தாங்கும் தொழில் அது என்பதை நான் ஒருபோதும் மறுக்கமாட்டேன். என் சுற்றத்தாரில் பலருக்கு அதுவே சோறிட்டது. ஆனால் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பில், ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாவதும், ஆலைக் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமற்போனதும் எடுத்துரைக்கப்பட்டன. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் அது தலையாயது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் உத்தரவிட நேர்ந்தது என்பதே, அந்தப் புண் ஆறவில்லை என்பதற்குச் சாட்சி.

பச்சோந்தியின் கூண்டில் இதன் விளைவு கண்கூடு. தோலைக் கெடாமல் வைக்கத் தடவிய உப்பு நிலத்தடியில் இறங்கிய ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீரை ஸ்பிரேயரில் ஊற்றினால் சில நாட்களில் முனை அடைபடும். இலைகள்மீது வெள்ளை உப்புப் படியும். அந்த இலையையே பிராணி நக்க வேண்டும். சுத்திகரித்த கேன் தண்ணீர் உண்டு. ஆனால் மாடியில் துணி கட்டிப் பிடித்து, மூடிவைத்த மழைநீருக்கு இணை எதுவுமில்லை என்பதே என் துணிபு. பச்சோந்திக்கு இயற்கை விதித்த நீர் அதுவே.

இவ்வளவும் எழுதியபின், இவ்வித்தை யாருக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்கள் சில விமானப் பயணிகளின் பெட்டிகளில் காற்றும் நீருமின்றி அடைக்கப்பட்டு வருகின்றன. சர்வதேச வனவுயிர் வணிக உடன்படிக்கையில் அடங்கிய அவ்வுயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர் வீடுகளில், அங்கேயே கூண்டில் பிறந்த முக்காட்டுப் பச்சோந்திகளை முறைப்படி வளர்க்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களுக்கும், அடிபட்ட ஒன்றைச் சில நாள் காக்க நேரும் நம்மூர் அன்பர்களுக்கும் இது பயன்படலாம். ஆசைக்காக வேலியிலிருந்து ஒன்றைப் பிடித்துவர எண்ணுபவரிடம் நான் மன்றாடிக் கேட்பது, அதை விட்டுவிடுங்கள் என்பதே. எத்தனை டியூப் கட்டினாலும் ஒரு தை மாதத்து விடியலை நாம் செய்ய இயலாது.

என் திண்ணைப் பச்சோந்தி மூன்றாம் நாள் காலையில் குடித்தது. என் பிரயத்தனத்தால் அன்று. வீட்டில் முற்றத்துச் செம்பருத்திக்கு என் மனைவி பூவாளியால் நீர் ஊற்றியபோது, சாய்த்து வைத்திருந்த அக்கிளையின்மீதும் தூவல் விழுந்தது. "ஏங்க, இங்க வந்து பாருங்க, வாயைத் திறக்குது" என்று அவள் தாழ்ந்த குரலில் அழைத்தாள். கதவின் பின்னின்று பார்த்தேன். கண்களை மூடி, பின் திறந்து, ஓர் இலையின் நுனியை நக்கி, தலையை உயர்த்தி விழுங்கி, மறுபடியும் நக்கிற்று. அவள் கை ஓயாமல் மூன்று பூவாளி ஊற்றினாள். இருபது நிமிஷம் குடித்தது. மறுநாள் வனத்துறையினர் வந்து கிளையோடு எடுத்துச் சென்றபோது அதன் கண்கள் பழையபடி உருண்டிருந்தன.

வெட்டாமல் எஞ்சிய வேலியின் ஒரு பகுதி இப்போதும் அங்கே இருக்கிறது. மார்கழியில் டார்ச் விளக்கோடு விடியுமுன் போனால், கிளை நுனிகளில் வெளுத்த நிறத்தோடு அவை உறங்குவதைக் காணலாம். சென்ற ஆண்டு இரண்டு கண்டேன். விளக்கை அணைத்துவிட்டுத் தூரத்தில் நின்றேன். கிழக்கு வெளுக்க, ஒன்றின் நெற்றியிலிருந்து துளி ஒன்று வழிந்து வாயோரம் வந்தது. கண் திறக்குமுன்பே அது அதை உள்ளே வாங்கிக்கொண்டு, மெல்லத் திரும்பி, ஆவார இலைகளை ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கிற்று. மலைக்கு மேல் சூரியன் வந்து, ஏழரை மணிக்கெல்லாம் இலைகள் உலர்ந்துவிட்டன.